ராக்கெட்டுக்குக் கட்டிய காப்பு

ஒரு சின்னத் தட்டுத் தராசு. இரண்டு தட்டிலும் ஒவ்வொரு காகிதக் குழாய் படுத்திருக்கும். பக்கத்தில் கிண்ணத்தில் ஒரு பிடி சாமை. என் தங்கச்சி புருஷன் வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு சாமை மணியாக எடுத்து லேசான குழாயின் மூக்குக்குள் போட்டுக்கொண்டிருப்பார். முள் நடுவில் வந்து நிற்கிற வரைக்கும் யாரும் அந்தப் பக்கம் நடக்கக் கூடாது, கோழிகூட வரக் கூடாது. "ரெண்டே மணி மச்சான். ரெண்டு சாமை மணி இந்தப் பக்கம் கூடுதலா இருந்தா போதும், மேல போறது கோணலாப் போய்டும்" என்பார். சாமையை நாங்கள் மூட்டையாக அளந்துதான் பழக்கம். மணியாக எண்ணிய ஒரே ஆள் எங்கள் மலையில் அவர்தான்.

நான் அவரை மாப்ள என்று கூப்பிடுவேன், அவர் என்னை மச்சான் என்பார். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. நான் எட்டாவதோடு நின்று நிலத்துக்குப் போய்விட்டவன். ஜமுனாமரத்தூரைத் தாண்டி மேலே இருக்கிற எங்கள் ஊரில் கொஞ்சம் சாமை நிலம், ஏழெட்டுப் புளிய மரம், இதுதான் என் உலகம். அவர் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, மலைக்குக் கீழே ஒரு இன்ஜினியரிங் காலேஜில் லேப் உதவியாளராக இருந்தார். பூட்டைத் திறப்பது, மிஷினைத் துடைப்பது, பையன்கள் உடைத்ததை ஒட்டுவது, இதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. அதுவும் வருஷா வருஷம் நீட்டித் தருகிற வேலை. ஆனால் அந்த லேபில் மாணவர்கள் சின்ன ராக்கெட் செய்து பழகினார்கள். இடுப்பு உயரக் காகிதக் குழாய், அடியில் மருந்து அடைத்த மோட்டார், தலையில் ஒரு குடை. மேலே போய்க் குடை விரித்து இறங்கும். துடைக்கப் போன இடத்தில் பார்த்துப் பார்த்து, அவர் கைக்கு அது வந்துவிட்டது.

அந்தக் காலேஜின் பெரிய சார் ஒரு வருஷம் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். நடு ராக்கெட்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்ன ராக்கெட் ஒட்டியிருக்க வேண்டும். அதற்கு சைடு பூஸ்டர் என்று பேர். மூன்றும் ஒன்றாகப் பற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். பக்கத்தில் இருக்கிற இரண்டும் மருந்து தீர்ந்ததும் தானாகக் கழன்று விழ வேண்டும். நடுவில் இருப்பது பாரம் குறைந்து இன்னும் உயரம் போக வேண்டும். எனக்கு இது விளங்கவில்லை. "கல்யாண மாப்ளைக்கு ரெண்டு பக்கமும் தோழனுங்க போற மாதிரியா?" என்று கேட்டேன். "அதேதான் மச்சான். ஆனா தோழனுங்க பந்தல் வரைக்கும்தான். அதுக்கு மேலயும் கூடவே போய் ஒக்காந்தா பொண்ணு வூட்டுக்காரன் சும்மா வுடுவானா?" என்றார். உள்ளே அடுப்படியில் இருந்த என் தங்கச்சி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவர் எதைச் சொன்னாலும் இப்படித்தான், எங்களுக்குப் புரிகிற மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்.

மாணவர்கள் செய்தது எதுவும் சரிப்படவில்லை. ரப்பர் பேண்டு போட்டார்கள். ஒரு பக்கம் முந்தியும் ஒரு பக்கம் பிந்தியும் கழன்று, ராக்கெட் பம்பரம் மாதிரி சுற்றியது. பசை வைத்தார்கள். கழலவே இல்லை. அப்போதுதான் இவர் தயங்கித் தயங்கி ஒரு வழி சொன்னாராம். பூஸ்டரின் உடம்பில் மேலே ஒன்று கீழே ஒன்று சின்ன முளை. நடுக் குழாயில் அதற்கு ஏற்ற இரண்டு வளையம். முளை கீழேயிருந்து மேலாக வளையத்துக்குள் போய் உட்காரும். பூஸ்டர் எரிகிற வரைக்கும் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும், அதனால் முளை வளையத்தை விட்டு வராது. எரிவது நின்றதும் தள்ளுவதும் நின்றுவிடும். காற்று அதைக் கீழே இழுக்கும். முளை உருவிக்கொள்ளும், அவ்வளவுதான். ஸ்பிரிங் இல்லை, கயிறு இல்லை, பசை இல்லை. "புடிச்சு வெக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல மச்சான், அதான் இதுல விசேஷம்" என்று அவர் சொன்னபோது முகம் எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோயிலில் தீபம் காட்டும்போது சில பேர் முகம் அப்படி இருக்கும்.

பெரிய சார் ஒத்துக்கொண்டார். வெளியூர்ப் பேராசிரியர்கள் வரும் நாளில் இது எல்லார் எதிரிலும் பறக்க வேண்டும். பறந்தால், ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் என்று நிரந்தரமாகப் போடுவதாகச் சொன்னார். தங்கச்சி அதற்காக அம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டாள். ஆனால் மாப்ள ஆசைப்பட்டது வேறு. "வரைபடத்தோட ஓரத்துல ஒரு கட்டம் போட்டிருப்பாங்க மச்சான். டிசைன் பண்ணவங்க பேரு அதுல எழுதுவாங்க. இத்தினி வருஷமா அந்தத் தாளை சுருட்டி வெச்சு, பிரிச்சுக் குடுத்துன்னு கெடக்கேன். ஒரு தடவ நம்ம பேரு அதுல வந்துடணும்" என்றார். அதை என்னிடம் மட்டும்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். தங்கச்சியிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார். ஆசையைச் சொல்லிக்கொள்ள வெட்கப்படுகிற ஆள்.

முளையின் சாய்வு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. காலேஜில் காற்று ஊதிப் பார்க்க ஒரு கூண்டு இருக்கிறதாம், அதில் இவரை விட மாட்டார்கள். அதனால் என் பைக்கை எடுத்துக்கொண்டோம். அமிர்திப் பக்கம் இறங்குகிற ரோட்டில் நான் வண்டி ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து ஒரு கழியின் முனையில் ராக்கெட்டைப் படுக்கை வசத்தில் கட்டி வெளியே நீட்டிக்கொண்டு வருவார். சைக்கிள் கம்பி இரண்டைக் கவட்டை மாதிரி வளைத்து, அதால் இரண்டு பூஸ்டரையும் பின்னாலிருந்து தள்ளிப் பிடித்திருப்பார். வேகம் வந்ததும் "இப்போ!" என்று கத்திவிட்டுக் கம்பியை இழுத்துக்கொள்வார். காற்று பூஸ்டரைப் பிடுங்கும். ஒன்று விழும், ஒன்று விழாது. நான் வண்டியை நிறுத்திவிட்டு உண்ணிச் செடிப் புதருக்குள் புகுந்து குழாயைத் தேடி எடுத்து வருவேன். அவர் உட்கார்ந்து உப்புத் தாளால் முளையை இரண்டு இழுப்பு தேய்ப்பார். மறுபடியும் மேலே போய் மறுபடியும் இறங்குவோம். எதிரே வந்த பஸ்ஸை நிறுத்தி ஒரு கண்டக்டர் தலையை நீட்டி, "இன்னா பங்காளிங்களா, கல்யாணமா கருமாதியா? வாணத்த இப்புடிப் புடிச்சினு போறீங்க?" என்று கேட்டார். பஸ் முழுக்கச் சிரித்தது. "நிலாவுக்குப் போறோம், டிக்கெட் வோணுமா?" என்றார் இவர். வீட்டுக்கு வந்தால் தங்கச்சி, "எங்கண்ணன் ரோட்டுல வண்டி ஓட்டறதே ஒரு தினுசு. இதுல அவர நம்பி ராக்கெட் வேற" என்பாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போனது. கடைசி ஞாயிறன்று இரண்டும் ஒன்றாகக் கழன்று விழுந்தபோது அவர் பின்னாலிருந்து என்னைக் கட்டிப் பிடித்த வேகத்தில் வண்டி பள்ளத்துக்குப் போகப் பார்த்தது.

இதையெல்லாம் இவ்வளவு விவரமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த பூஸ்டர் கழல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று பின்னால் நான் சொல்ல முடியாது.

எங்கள் குடும்பம் காப்புக் கட்டுகிற குடும்பம். பூசாரி வேறு. திருவிழாக் காப்பு அவர் கட்டுவார். ஆனால் ஊரில் யார் புது வண்டி வாங்கினாலும், போர் மோட்டார் இறக்கினாலும், விதைக் கூடையை எடுத்தாலும் என்னிடம்தான் வருவார்கள். மஞ்சள் தடவிய நூலை அம்மன் காலடியில் வைத்து எடுத்து, ஒரு மஞ்சள் துண்டு கோர்த்து, மூன்று சுற்று, மூன்று முடிச்சு. ஒருமுறை கட்டிவிட்டால் அதை வேறு யாரும் அறுக்க மாட்டார்கள். தானாக இற்று விழ வேண்டும், இல்லாவிட்டால் கட்டியவன் கையால் அவிழ்க்க வேண்டும். காப்புக் கட்டாத வண்டியில் எங்கள் ஊர்க்காரர்கள் இன்றைக்கும் மலை இறங்க மாட்டார்கள். நான் கட்டாமல் விட்டு ஏதாவது ஒன்று ஆகிப்போனால் அந்தப் பாவம் என்னைச் சேரும் என்று என் அப்பா சொல்லிச் சொல்லியே வளர்த்தார்.

வெளியூர்ப் பேராசிரியர்கள் வந்த அன்றைக்கு, சாமை அறுத்த என் நிலத்தில்தான் ராக்கெட் விடுவதாக ஏற்பாடு. காலையில் காலேஜ் வேன் வருகிற வழியைக் காட்ட மாப்ள ரோட்டுக்கு இறங்கிப் போயிருந்தார். ராக்கெட் எங்கள் சாமி அறையில், அம்மன் படத்துக்கு எதிரே, துணி விரித்துப் படுக்க வைத்திருந்தது. முந்தின வாரம் ஒரு மாணவன் விட்டது திரும்பி வந்து இவர் கால் பக்கத்தில் குத்தி நின்றதை நான் பார்த்திருந்தேன். விளக்கேற்றிக் கும்பிட்டேன். நூலை எடுத்தேன். ராக்கெட்டின் இடுப்பில், பூஸ்டர் இரண்டையும் சேர்த்து, மூன்று சுற்று சுற்றி மூன்று முடிச்சுப் போட்டேன்.

அந்த நேரத்தில் என் மனசில் என்ன ஓடியது என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். கழல வேண்டியதைக் கட்டுகிறோமே என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. ஆனால் அம்மன் கயிறு கட்டு இல்லை, அது காவல் என்று நினைத்தேன். தடுக்க வேண்டியதை அது தடுக்கும், விட வேண்டியதை விட்டுவிடும், அதை அவள் பார்த்துக்கொள்வாள் என்று நம்பினேன். அவள் பேரால் கட்டிய நூல் வெறும் பருத்தி நூலைப் போல நடந்துகொள்ளும் என்பது எனக்குப் புத்தியில் ஏறவே இல்லை.

ஊரே வரப்பில் கூடியிருந்தது. மாப்ள புதுச் சட்டை போட்டிருந்தார். துணியைப் பிரித்து ராக்கெட்டை நட்டுக்குத்தலாகத் தூக்கினார். தூக்கினால் பூஸ்டர் இரண்டும் கீழே சரிய வேண்டும். அவற்றைத் தாங்குவதற்கென்றே, ராக்கெட் கிளம்ப நிலத்தில் நட்டிருந்த கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு முட்டுக் கட்டை வைத்திருந்தார். சரியவில்லை. அவர் கை அப்படியே நின்றது. ஒரு விரல் மெல்ல மேலே போய்க் கயிற்றைத் தொட்டது. பக்கத்தில் நின்ற மாணவி பையிலிருந்து பிளேடை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. கூட்டத்தில் கண்ணை ஓட்டி என்னைத் தேடிப் பிடித்தார். நான் இரண்டு கையையும் கூப்பினேன். கட்டியிருக்கிறேன், பயப்படாதே என்று சொல்கிற மாதிரிக் கூப்பினேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையை அசைத்தார். கயிற்றிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு, ராக்கெட்டைக் கம்பியில் மாட்டினார்.

மூன்றும் ஒன்றாகத்தான் பற்றின. மூன்று வெள்ளைப் புகை நேராக மேலே ஏறியது. அவ்வளவு நேராக ஏறியதை மாணவர்களே பார்த்ததில்லையாம். சாமை மணி போட்டு நிறுத்ததன் பலன் அது. பிறகு இரண்டு பக்கப் புகையும் ஒரே நேரத்தில் நின்றது. நடுப் புகை மட்டும் போனது. எல்லாரும் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு இரண்டு துண்டு விழுவதற்காகக் காத்திருந்தோம். எதுவும் விழவில்லை. வெற்றுக் குழாய் இரண்டையும் இடுப்பில் கட்டிக்கொண்டு அது தலையைச் சாய்த்தது. இன்னும் சாய்ந்தது. எரிந்துகொண்டே பக்கவாட்டில் திரும்பிக் கோயில் புளியந்தோப்புப் பக்கம் போய்விட்டது. குடை மட்டும் எப்படியோ விரிந்து ஒரு கிளையில் மாட்டிக்கொண்டது.

புளி பறிக்கிற தொரட்டியால் நான்தான் அதை இறக்கினேன். ஓடி வந்த மாப்ள என் கையிலிருந்து வாங்கினார். கயிறு அப்படியே இருந்தது, ஒரு முடிச்சுகூட நெகிழவில்லை. அவர் அதைப் பார்க்காத மாதிரியே இருந்தார். "இன்னா மச்சான், அம்மனுக்கு நம்ம ராக்கெட் ரொம்பப் புடிச்சுப் போச்சு போலக்கீது. தோப்புலயே வெச்சிக்கப் பாத்தா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது, நானும் சிரித்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு பெரிய சாரிடம் போனார். நான் வரப்போடு நின்றுவிட்டேன். சார் கயிற்றைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னார். சார் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். ராக்கெட்டை வேனில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். "மாப்ள, அந்தக் காப்பு..." என்று ஆரம்பித்தேன். "சோறு ஆறிப்போவுது மச்சான், துன்னு" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பேசவே இல்லை. பேச வேண்டியவன் நான். நாளைக்குப் பேசலாம், அடுத்த ஞாயிறு பேசலாம் என்று தள்ளிப்போட்டேன். அந்த வருஷம் காலேஜில் அவர் வேலையை நீட்டித் தரவில்லை. ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போனார். ஷிஃப்ட் வேலை. மாதம் ஒருமுறை வருவார். முன்னைப் போலவே கேலி பேசுவார், கோயிலுக்கு வருவார், புது பைக் வாங்கியபோது என்னிடமே காப்புக் கட்டிக்கொண்டார். ஆனால் அதற்கப்புறம் அவர் ஒரு காகிதத்தைக்கூட மடித்து எதையும் செய்யவில்லை. தராசைத் தங்கச்சி மிளகாய் நிறுக்க எடுத்துக்கொண்டாள். ஒரு நாள், மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்று கம்பெனியிலிருந்து போன் வந்தது. மலைக்குக் கொண்டுவந்து, அவருடைய அப்பாவுக்குப் பக்கத்தில் புதைத்தோம்.

தங்கச்சிக்கு ஏதோ மனு எழுத அவர் பழைய வேலைக்கான சான்றிதழ் வேண்டுமென்று போன மாதம் கேட்டார்கள். அந்தக் காலேஜுக்கு நான் போனேன். பெரிய சாருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு, விஷயம் கேட்டு வருத்தப்பட்டார். காகிதம் தயாராகிற வரைக்கும் லேபில் உட்காரச் சொன்னார். அங்கே சுவரோரம் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் அந்த ராக்கெட் படுத்திருந்தது. இடுப்பில் என் கயிறு. மஞ்சள் போய் வெளுத்திருந்தது, மூன்று முடிச்சும் அப்படியே இருந்தன. கீழே இங்கிலீஷில் ஒரு சீட்டு. என்ன எழுதியிருக்கிறது என்று சாரைக் கேட்டேன்.

"பூஸ்டரை எப்படிக் கட்டக் கூடாதுங்கறதுக்கு உதாரணம்னு எழுதியிருக்கு. வருஷா வருஷம் பசங்களுக்கு இதைக் காட்டித்தான் பாடம் எடுக்கறேன்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "தப்பா நினைக்காதீங்க. உங்க மாப்பிள்ளை கை சுத்தமான வேலைக்காரர். ஆனா அன்னிக்குப் பயந்துட்டார். இது என்னய்யா கயிறுன்னு கேட்டா, 'பாதி வழியில கழண்டுடுமோன்னு பயத்துல நான்தான் சார் கட்டிட்டேன்'னு சொல்றார். தான் செஞ்சதையே நம்பாத ஆளை எப்படிங்க இன்ஸ்ட்ரக்டராப் போடறது?" என்றார்.

அவர் அதை நம்பாதவரா? மூன்று ஞாயிற்றுக்கிழமை என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவர் அவர். என் பேரைச் சொல்லியிருந்தால் ஊரார் எதிரில், வெளியூர்க்காரர் எதிரில் என்னைச் சிரித்திருப்பார்கள், அம்மனையும் சேர்த்துச் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பை அவர் தன் மேல் வாங்கிக்கொண்டிருக்கிறார். அத்தனை வருஷமும் என்னிடம் ஒரு சொல் சொல்லாமல். அம்மன் மேல் எனக்குக் கோபமில்லை. அவள் கட்டச் சொல்லவில்லை. நான்தான் கட்டினேன், நான்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"அது நான் கட்டின காப்புங்க சார்" என்றேன். சாருக்குப் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன். சாமி அறையில் கட்டியது, அவர் விரல் வைத்தது, நான் கையைக் கூப்பியது, எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்ததும், "கட்டினவன்தான் அவுக்கணும். நான் அவுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். சார் சாவி எடுத்து அலமாரியைத் திறந்தார். ராக்கெட்டை மேசையில் வைத்தார். முடிச்சு கல்லாக இறுகிப் போயிருந்தது. மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல், நகம் முடிச்சில் பிடிக்கவில்லை. கத்தரிக்கோல் வேண்டுமா என்றார். வேண்டாம் என்றேன். மூன்றாவது முடிச்சு நெகிழ்ந்ததும் நூல் என் கையோடு வந்துவிட்டது.

சார் ராக்கெட்டின் தலையைப் பிடித்து மேசைக்கு மேலே நட்டுக்குத்தலாகத் தூக்கினார். ஒரு சத்தமும் இல்லை. இரண்டு பூஸ்டரும் ஒன்றை ஒன்று முந்தாமல் வழுக்கிக்கொண்டு இறங்கி, வளையத்தை விட்டு விலகி, மேசை மேல் படுத்துக்கொண்டன. சார் கையில் நடுக் குழாய் மட்டும் நின்றது. அவர் அதை மெல்ல இரண்டு பூஸ்டருக்கும் நடுவில் வைத்தார். பிறகு அலமாரிக்குள் இருந்த சீட்டை எடுத்துத் திருப்பி, பின்பக்கம் வெறுமையாக இருந்ததைப் பார்த்து, பேனாவைத் திறந்தார்.

"அவரோட முழுப் பேரு சொல்லுங்க" என்றார். "இனிஷியலோட."

அத்தனை வருஷமும் மாப்ள என்றே கூப்பிட்டுப் பழகிய வாயால், முதல் தடவையாக, நிறுத்தி நிறுத்தி, அவர் பேரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.